மலடி என்னுஞ் சொல்

பிள்ளைப்பேறில்லாத பெண்ணை ‘மலடி’ என்று சுட்டும் வழக்கம் நம்மவரிடையே இன்னும் ஒழிந்தபாடில்லை. தமிழ் கற்பிக்கும் நாம் அச்சொல்லை வெறுக்கின்றோம். அது உடற்குறையைக் குணக்குற்றமாக்கிவிடுகின்றது.

மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி சுரக்கும் புடைப்புத்தூண்டும் ஓமோனே சூலகத்தில் முட்டையை முதிர்விப்பது. அது போதாதாயின் முட்டை முதிராது, கருவும் உண்டாகாது. இதிற் பெண்ணின் பிழை யாது? குறை ஆணிடத்தும் இருத்தல் கூடும். பழியோ பெண்ணையே சேர்கின்றது.

மாதவிடாய் ஓய்ந்த மகளிர்க்கு இவ்வோமோன் மிகுதியாகச் சுரந்து சிறுநீருடன் கழியும். 1949 இல் இத்தாலியில் பியேரோ டொனினி என்னும் அறிஞர் அதனைப் பிரித்தெடுத்தார். பின்னர் மருந்தாக்குதற்கு வேண்டிய சிறுநீரை அந்நாட்டுக் கன்னியர் மடங்களில் வாழ்ந்த முதிய துறவியர் உதவினர். புரூனோ லுனன்பெல்ட் என்னும் மருத்துவர் இவ்வழியிற் செய்த சிகிச்சையால் 1962 இல் இஸ்ரவேலில் முதற் குழந்தை பிறந்தது. 1990 களில் இவ்வோமோனை மரபணு நுட்பத்தால் ஆக்கவும் அறிஞர் வழிகண்டனர்.

மகப்பேற்றைத் துறந்த மாதரே பிறர் மடியை நிறைத்தனர். ஈனாதவளை இழிந்தவள் எனல் எங்ஙனம் பொருந்தும்? பழைய மாணவரிடமும் இன்றைய மாணவரிடமும் இவ்விழா மலர் வாயிலாக நாம் வேண்டுவது ஒன்றே: அச்சொல் அகராதியில் இருக்கட்டும், நம் நாவில் வேண்டா.