வகுப்பறையில் எதைப் பார்க்கிறார்கள்?

பெரம்பலூர், அரியலூர் கிராமப் பள்ளிகளிலும், 2022-இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்த பிறகு, அதிகாரிகள் வகுப்பில் உட்கார்ந்து ஆசிரியரைக் கவனித்துக் கைப்பேசிச் செயலியில் குறிக்கிறார்கள். இதை நாம் எதிர்க்கவில்லை. கூலிக்காரர் பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கிறதா என்று பார்க்க ஆள் வேண்டும். பள்ளிக்கு வராத ஆசிரியருக்கு நாம் வக்காலத்து வாங்கவும் போவதில்லை.

ஆனால் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 60 குழந்தைகள் வரை தருவது இரண்டு ஆசிரியர்களைத்தான். வகுப்போ ஐந்து! ஒருவர் பயிற்சிக்குப் போனால் ஐந்தும் மற்றவர் தலையில். அன்று வந்து உட்காருகிறவர் பிள்ளை தடுமாறுவதைக் குறித்துக்கொள்வார். பருத்தி எடுப்புக்குத் தாய் போனதால் தம்பியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் நின்ற பிள்ளை அது என்பதை எங்கே குறிப்பார்?

ஆலைத் தோழர்களுக்கு இது புதிதல்ல. தேய்ந்த மிஷினில் இழை அறுந்தால் மெமோ தொழிலாளிக்குத்தான். வெள்ளையர் ஆட்சியிலும், 19-ஆம் நூற்றாண்டில், இன்ஸ்பெக்டர் பரீட்சையில் தேறிய பிள்ளைகளின் கணக்குப்படி சென்னை மாகாணப் பள்ளிகளுக்கு மானியம் தந்தார்கள். வாத்தியார்கள் பிள்ளைகளை உருப்போட வைத்தார்கள். வேறென்ன செய்வார்கள்?

பார்க்க வருகிறவர் பாடவேளை முழுவதும் இருக்கட்டும். பிறகு ஆசிரியரோடு உட்கார்ந்து பேசட்டும். அவர் சொல்லும் குறைகளையும் எழுதட்டும். அதைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் வாசிக்க வேண்டும். சட்டப்படி அக்குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தோழர்களே, அந்தக் கூட்டத்தைக் கூலி போகாத மாலை நேரத்தில் வைக்கும்படி இந்த வாரமே தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.