உட்காரும் உரிமை, எழும் உரிமை

நவீன அலுவலகங்களுக்கான ‘எர்கோனாமிக்’ நாற்காலிகளின் விளம்பரங்கள் பெருநகரங்களெங்கும் கண்ணில் படுகின்றன. உயரத்தை மாற்றலாம், இடுப்பு வளைவுக்குத் தாங்கல் உண்டு, கைப்பிடியை ஏற்றி இறக்கலாம் என்று அவை அடுக்குகின்றன. இவை ஆடம்பரங்கள் என்று ஒதுக்கத் தேவையில்லை. உட்கார்ந்து வேலை செய்பவரின் பாதம் தரையில் படிய வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும். திரை கண்மட்டத்தில் இருக்க வேண்டும். உடலுக்குப் பொருந்தாத இருக்கை முதுகையும் கழுத்தையும் வதைக்கும். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் இந்த விளம்பரங்கள் எழுப்புவதில்லை: தொழிலாளி எப்போது உட்காரலாம், எப்போது எழலாம் என்பதைத் தீர்மானிப்பவர் யார்?

இக்கேள்வியை உரக்க எழுப்பியவர்கள் கேரளத்தின் துணிக்கடைப் பெண்கள். வாடிக்கையாளர் இல்லாத வேளையிலும் அவர்கள் நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்பது கடைகளின் எழுதப்படாத விதியாக இருந்தது. கால் வீக்கம், நரம்புச் சுருட்டல், முதுகுவலி ஆகியவை அதன் விளைவுகள். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கழிப்பறை கேட்டுத் திரண்ட ‘பெண்கூட்டு’ அமைப்பு, தையல் தொழிலாளியான பி.விஜியின் முன்முயற்சியில் உட்காரும் உரிமையையும் கோரிக்கையாக்கியது. 2015இல் திருச்சூரில் ஒரு ஜவுளிக் கடையின் பெண் தொழிலாளர்கள் நடத்திய போராட்டம் நூறு நாட்களைக் கடந்தது. மலையாளிகள் இதை ‘இரிக்கல் சமரம்’ என்றே அழைத்தனர்.

2018இல் இடது ஜனநாயக முன்னணி அரசு, 1960ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை அளிப்பதைக் கட்டாயமாக்கியது. 2021இல் தமிழ்நாடும் இதேபோன்ற திருத்தத்தைக் கொண்டுவந்தது. தெருவில் எழுந்த கோரிக்கை ஆறேழு ஆண்டுகளில் இரு மாநிலங்களின் சட்டமானது.

இக்கோரிக்கை உலகிற்குப் புதிதன்று. மூன்று பெண் ஊழியர்களுக்கு ஓர் இருக்கையாவது இருக்க வேண்டும் என்று 1899இலேயே பிரிட்டனில் கடைகளுக்குச் சட்டம் வந்தது. நம் நாட்டில் நின்றபடி வேலை செய்வோருக்கு இருக்கை வசதி வேண்டுமென 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆவது பிரிவு கூறியது. ஆனால் கடை தொழிற்சாலை அன்று என்பதால், கோடிக்கணக்கான விற்பனைத் தொழிலாளர்கள் அதன் வரம்புக்கு வெளியே நின்றனர். சொல்லப்போனால், நின்றுகொண்டே இருந்தனர்.

2020இல் எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்த வேளையில் நிறைவேற்றப்பட்ட பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் இருக்கை வசதியைக் குறிப்பிடுகிறது. எனினும் பத்துப் பேருக்கும் குறைவானோர் வேலை செய்யும் சிறு கடைகள் பொதுவாக அதன் வரம்புக்குள் வருவதில்லை. மாநிலச் சட்டங்களின் முக்கியத்துவம் இங்கேதான் தெளிவாகிறது. உட்காரும் உரிமையைச் சட்டமாக்க மற்ற மாநிலங்களையும் வலியுறுத்த வேண்டிய தேவை நீடிக்கிறது.

சட்டம் வந்தாலும் நாற்காலி காலியாகவே கிடக்கலாம். கண்காணிப்புக் கேமராவும் மேற்பார்வையாளரின் முறைப்பும் இருக்கும்வரை, உட்காரத் துணிபவர் யார்? மறுபுறம், மென்பொருள் நிறுவனங்களில் விலையுயர்ந்த நாற்காலி உண்டு, எழுந்திருக்க நேரமில்லை. கர்நாடகத்தில் தகவல் தொழில்நுட்ப ஊழியர்களின் வேலைநாளை 14 மணி நேரம் வரை நீட்டிக்கும் யோசனை 2024இல் முன்வந்தபோது ஊழியர் சங்கம் அதை எதிர்த்துப் போராடியது. எத்தகைய இடுப்புத் தாங்கலும் பதினான்கு மணி நேரத்தைத் தாங்காது. ஒருவருக்கு உட்கார இடமில்லை, மற்றவருக்கு எழ நேரமில்லை. இருவரின் உடலும் முதலாளியின் கடிகாரத்திற்கே கட்டுப்பட்டுள்ளது.

எனவே இருக்கை பற்றிய பேச்சைக் கொள்முதல் துறையிடம் விட்டுவிடலாகாது. அது கூட்டுபேரத்தின் பொருளாக வேண்டும். ஆளுக்கேற்ற இருக்கை, அதில் அமர உரிமை, இடையிடையே எழுந்து நடக்க ஊதியத்துடன் கூடிய இடைவேளை, கழிப்பறை, வேலைநேர வரம்பு ஆகிய ஐந்தும் ஒரே கோரிக்கைப் பட்டியலில் இடம்பெற வேண்டும். நம் தோழர்கள் தத்தம் பகுதியின் கடைத்தெருக்களுக்குச் சென்று, எத்தனை கடைகளில் நாற்காலி உள்ளது, அவற்றில் எத்தனையில் ஊழியர்கள் அமர முடிகிறது என்று கணக்கெடுக்கலாம். அந்தக் கணக்கோடு தொழிலாளர் துறை ஆய்வாளரின் கதவைத் தட்டலாம். கடைத் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டும் பணியை அங்கிருந்தே தொடங்க முடியும்.