பிடிபட்ட வண்டும் அறியப்பட்ட வண்டும்

புதிய உயிரினம் கண்டறியப்பட்டது என்ற செய்தி வெளியாகும் ஒவ்வொரு முறையும், அமேசான் காட்டிலோ ஆண்டிஸ் மலைச்சரிவிலோ வலையும் குப்பியுமாகத் திரிந்த ஒருவரின் கையில் அது அகப்பட்ட கணமே கண்டுபிடிப்பு நிகழ்ந்த கணம் என்றும், பின்னர் அருங்காட்சியகத்தில் நடப்பது பெயர் சூட்டிப் பதிவேட்டில் ஏற்றும் எழுத்தர் வேலை என்றும் படித்தவர்களே நம்புகின்றனர். இந்த நம்பிக்கை பிழையானது. தென் அமெரிக்காவின் வண்டுகளைப் பொறுத்தவரை, அது அறிவியலுக்குக் கேடும் விளைவித்து வருகிறது.

பீகிள் கப்பற்பயணத்தின்போது, 1832இல், அர்ஜென்டினாவின் பாஹியா பிளாங்காவில் சார்லஸ் டார்வின் ஒரு வண்டைப் பிடித்தார். குட்டையான மேலிறகுகளுக்கு வெளியே வயிறு நீண்டு தெரியும் ஸ்டாஃபிலினிடே குடும்பத்தைச் சேர்ந்த அது, ரம்பப் பற்களைப் போன்ற உணர்கொம்புகளை உடையது. இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்த அந்த உடல் நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேல் பெயரின்றிக் கிடந்தது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலிருந்து ஆய்வுக்காக இரவல் பெற்ற மாதிரிகளிடையே அதைக் கண்ட ஸ்டைலியானோஸ் சாட்சிமனோலிஸ், அது எந்தப் பேரினத்திலும் அடங்காதது என்று உணர்ந்து, 2014இல் டார்வினிலஸ் செடாரிசி என்ற பெயரில் விவரித்தார். பிடித்தவர் டார்வினே ஆயினும், அந்த வண்டு அறிவுக்குள் வந்து சேர்ந்தது பிடிபட்ட நாளில் அல்ல. பிற வண்டுகளோடு ஒப்பிட்டு, எவ்வெவற்றில் வேறுபடுகிறது என்று ஒருவர் எழுதிய அன்றுதான்.

உடல் சிறுக்கச் சிறுக்க இந்த உண்மை மேலும் கூர்மையடைகிறது. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நீளமுடைய, சிறகின் விளிம்பெங்கும் நீண்ட மயிர்கள் நிறைந்த இறகுச்சிறகு வண்டுகளைக் காட்டில் பார்த்த மாத்திரத்தில் இன்ன சிற்றினம் என்று எவராலும் சொல்ல இயலாது. ஆய்வாளர் அந்தத் துகள் போன்ற உடலைக் காரக் கரைசலில் இட்டுத் திசுக்களைக் கரைத்து, ஒளி ஊடுருவும்படி தெளிவாக்கி, பிசினில் பதித்துக் கண்ணாடிச் சில்லின்மேல் ஏற்றி, நுண்ணோக்கியின் கீழ் பெண்ணுடலில் விந்தைச் சேமித்து வைக்கும் சிறு பையின் வளைவு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும் இரு சிற்றினங்களைப் பல வேளைகளில் அந்தப் பையின் வடிவமே பிரித்துக் காட்டுகிறது. இதன்பின் அது புதியதுதானா என்ற கேள்வி எழுகிறது. விடை காண, நெருங்கிய சிற்றினங்கள் ஒவ்வொன்றுக்கும் உரிய வகைமாதிரியை, அதாவது ஒரு பெயர் எந்த உடலைக் குறிக்கிறது என்பதற்கு நிலையான சான்றாகக் காக்கப்படும் உடலை, ஒப்பிட்டாக வேண்டும். தென் அமெரிக்க வண்டுகள் பலவற்றின் வகைமாதிரிகள் லண்டனிலும் பாரிசிலும் பெர்லினிலும் இருப்பதால், தங்கள் நாட்டுக் காட்டு வண்டை அறிய அந்நாட்டு ஆய்வாளர்கள் கடல் கடக்க வேண்டியிருப்பது நியாயமற்ற நிலையே. விலங்குகளுக்குப் பெயரிடுவதற்கான பன்னாட்டு விதித்தொகுப்பு, வேறுபடுத்தும் பண்புகளைக் கூறாமல் 1930க்குப் பின் வெளியிட்ட பெயரைச் செல்லாததாகவே கருதுகிறது. எழுத்தர் வேலைக்கு இத்தனை நிபந்தனை தேவையில்லை.

தனித்து வாழும் வண்டுகளில் மிகச் சிறியதான ஸ்கைடோசெல்லா முசவாசென்சிஸின் வரலாறும் இதையே காட்டுகிறது. நிகரகுவாவில் கிடைத்த சில உடல்களைக் கொண்டு 1999இல் அது விவரிக்கப்பட்டது. அவை நுண்ணோக்கித் தயாரிப்புகளுக்குள் பதிந்திருந்ததால் நீளத்தைத் துல்லியமாக அளப்பது கடினமாக இருந்தது. 2015இல் அலெக்ஸெய் போலிலோவ் கொலம்பியாவின் சிக்காக்கே காட்டில் ஒரு பூஞ்சையிலிருந்து 85 வண்டுகளைச் சேகரித்து அளந்தபோது, அவற்றுள் மிகச் சிறியதன் நீளம் 0.325 மில்லிமீட்டர் என்று தெரிந்தது. அவற்றை அந்தச் சிற்றினமே என்று இனங்காண வழிவகுத்தது, பதினாறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட விவரிப்பாகும். அது இல்லாதிருந்தால், பெயரற்ற 85 துகள்களே குப்பிக்குள் இருந்திருக்கும்.

மரபணுவின் ஒரு சிறு துண்டைப் படித்தாலே போதும், விவரிப்பு எதற்கு என்று கேட்போரும் உண்டு. அந்தத் துண்டு, இரு உடல்கள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று சொல்லும். ஆனால் நூறாண்டுக்கு முன் ஒருவர் இட்ட பெயர் அவற்றுள் எதற்கு உரியது என்று அதனால் தனித்துச் சொல்ல முடியாது. பழைய வகைமாதிரிகளில் மரபணு பெரும்பாலும் சிதைந்து போயிருப்பதால், மீண்டும் உடலின் அமைப்பையும் விவரிப்பையும் நாடியே தீர வேண்டும்.

கண்டுபிடிப்பு காட்டிலேயே முடிந்துவிடுகிறது என்று நம்பும் சமூகம் பயணங்களைப் போற்றும். இழுப்பறைகளைக் காப்பவரையும் அவற்றின் முன் ஆண்டுக்கணக்கில் அமர்ந்திருப்பவரையும் மறக்கும். ஓர் உயிரினம் சேகரிக்கப்படுவதற்கும் விவரிக்கப்படுவதற்கும் இடையே சராசரியாக 21 ஆண்டுகள் கழிகின்றன என்று 2012இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. பூச்சிகள் ஏற்கெனவே பிடிபட்டுக் காத்திருக்கின்றன. அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்களே போதவில்லை. பாதுகாப்புக்கான செலவு புறக்கணிக்கப்பட்ட ரியோ டி ஜெனிரோவின் தேசிய அருங்காட்சியகம் 2018 செப்டம்பர் 2ஆம் நாள் இரவு எரிந்தபோது, சுமார் 50 லட்சம் மாதிரிகளைக் கொண்ட பூச்சித் தொகுப்பின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. அவற்றுள் வகைமாதிரிகளும் இருந்தன. அவ்வாறு மாதிரியை இழந்த சிற்றினங்களுக்குப் புதிய உடலொன்றைச் சான்றாக நியமிக்க விதித்தொகுப்பு இடம் தருகிறது. ஆனால் அந்தப் புதிய உடல் அதே சிற்றினத்தைச் சேர்ந்ததா என்று தீர்மானிக்க, முதலில் விவரித்தவர் எழுதிவைத்த சொற்களையும் வரைந்துவைத்த படங்களையுமே ஆய்வாளர் இனி நம்பியிருக்க வேண்டும்.