சிரிப்புக்கு ஏன் இரண்டாம் வரிசை?

‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ பெரிய படமா, ‘காதலிக்க நேரமில்லை’ பெரிய படமா? இரண்டையும் எடுத்தவர் ஸ்ரீதர். முன்னது 1962, பின்னது 1964. நான் இரண்டாவது படத்தின் கட்சி. எங்கள் அடுக்ககத்தில் இந்தக் கட்சிக்கு ஆள் சேரவில்லை.

மாதம் ஒரு பழைய படத்தை மொட்டை மாடியில் திரையிடலாம் என்று குடியிருப்போர் சங்கத்தில் முடிவானது. மகத்தான தமிழ்ப் படங்கள் பத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரிடம் கொடுத்தார்கள். நல்ல ரசிகர், நிறையப் படித்தவர். ‘பராசக்தி’, ‘அந்த நாள்’, ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’, ‘உதிரிப்பூக்கள்’, ‘மூன்றாம் பிறை’, ‘நாயகன்’, ‘அன்பே சிவம்’ என்று போனது அவர் பட்டியல். எதையும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் பத்தில் ஒன்றுகூட நகைச்சுவைப் படம் இல்லை. ‘காதலிக்க நேரமில்லை’யைச் சேர்க்கலாமே என்றேன்.

“அது ஜாலியான படம் சார். டிவியில எப்ப போட்டாலும் உட்கார்ந்து பார்ப்பேன். அதுக்காக மகத்தான படம்னு சொல்லிட முடியுமா?” என்றார். சுற்றியிருந்தவர்கள் ஆமோதித்தார்கள்.

அறுபது ஆண்டு கழித்தும் எப்போது போட்டாலும் உட்கார்ந்து பார்க்க வைப்பதைவிட ஒரு படத்துக்கு வேறென்ன சான்றிதழ் வேண்டும்? அதையே அவர் ஒரு குறையாகச் சொன்னதுதான் எனக்கு உறைத்தது.

இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எளிது. ஏனென்றால் இரண்டிலும் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் அதே ஆட்கள். கேமரா வின்சென்ட். இசை விஸ்வநாதன் ராமமூர்த்தி. பாடல்கள் கண்ணதாசன். நடிகர்களில் முத்துராமனும் நாகேஷும் இரண்டிலும் உண்டு. முக்கியமாக மாறியது ஒன்று: முதல் படம் அழ வைக்கிறது, இரண்டாவது சிரிக்க வைக்கிறது.

‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ அருமையான படம்தான். கிட்டத்தட்ட முழுக் கதையும் ஒரே மருத்துவமனைக்குள் நடக்கிறது. உயிருக்குப் போராடும் கணவன், கூட வந்த மனைவி, அவளை ஒரு காலத்தில் காதலித்த டாக்டர். இந்த மூன்று பேரை வைத்துக்கொண்டு ஸ்ரீதர் அலுக்காமல் கதையை நகர்த்துகிறார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சாவு, தியாகம், பழைய காதல் என்று மூன்று பெரிய சமாச்சாரங்கள் முதல் காட்சியிலிருந்தே அவருக்குத் துணை நிற்கின்றன. படத்தின் கனத்தில் பாதியைக் கதைப்பொருளே சுமந்துவிடுகிறது.

‘காதலிக்க நேரமில்லை’யில் அந்தச் சலுகை கிடையாது. எஸ்டேட் முதலாளி விஸ்வநாதனின் இளைய மகளை, அவரிடம் வேலையிழந்த அசோக் காதலிக்கிறான். பணக்காரச் சம்பந்தம் என்றால்தான் அவர் மசிவார் என்பதால், நண்பன் வாசு கிழவேடம் போட்டு அசோக்கின் கோடீஸ்வர அப்பாவாக வந்து இறங்குகிறான். வந்த பிறகுதான் தெரிகிறது, வாசுவின் காதலி அதே வீட்டின் மூத்த மகள். போதாததற்கு, விஸ்வநாதன் மூத்தவளுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையும் வாசுதான். அதாவது வருங்கால மாமனார் எந்த மாப்பிள்ளையை எதிர்பார்த்துக் காத்திருக்கிறாரோ, அவனே ஒட்டுத் தாடியோடு அவர் எதிரில் ‘சம்பந்தி’யாக உட்கார்ந்திருக்கிறான். ஒரு ஜோடியைச் சேர்க்கச் சொன்ன பொய், இன்னொரு ஜோடிக்கு முட்டுக்கட்டை. ஸ்ரீதரும் சித்ராலயா கோபுவும் போட்ட இந்த முடிச்சில் ஒரு இழைகூட உபரி இல்லை. இவ்வளவு கச்சிதமான திரைக்கதை கண்ணீர்ப் படத்தில் வந்திருந்தால் வகுப்பில் பாடமாக வைத்திருப்பார்கள்.

எனக்கு இந்த வேகம் ஏன் என்றால், நான் வங்கியில் வேலை பார்த்த நாளில் எங்கள் மனமகிழ் மன்றத்து நாடகக் குழுவில் நடித்தவன். உருக்கமான வேஷமும் போட்டிருக்கிறேன், கோமாளி வேஷமும் போட்டிருக்கிறேன். உருக்கமான வசனம் பேசும்போது அரங்கம் அமைதியாக இருக்கும். அந்த அமைதி மனம் நெகிழ்ந்ததா, கொட்டாவி விட்டதா என்று மேடையிலிருப்பவனுக்குத் தெரியாது. நெகிழ்ந்தது என்றே வைத்துக்கொண்டு வீட்டுக்கு நிம்மதியாகப் போகலாம். நகைச்சுவையில் அந்த வசதி இல்லை. சிரிப்பு விழுந்தால் விழுந்தது, விழாவிட்டால் அந்த நொடியே கணக்குத் தீர்ந்தது.

எங்கள் நாடகத்தை இயக்கியவர் ஒத்திகையில் திரும்பத் திரும்பச் சொல்லுவார்: “சிரிப்பு அடங்கறதுக்கு முன்னாடி அடுத்த வசனத்தை ஆரம்பிக்காதே, யாருக்கும் கேட்காது. முழுசா அடங்கினப்புறமும் ஆரம்பிக்காதே, சூடு போயிடும்.” அந்த இடைவெளியைப் பிடிக்கவே எங்களுக்குப் பல மேடைகள் தேவைப்பட்டன. அதுவும் ஜனங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது.

சினிமா நடிகனுக்கு எதிரில் ஜனங்கள் இல்லை, கேமராதான் இருக்கிறது. பல மாதம் கழித்து ஏதோ ஒரு ஊர்க் கொட்டகையில் எழப்போகும் சிரிப்புக்கு அவன் இன்றைக்கே இடம் விட்டு நடிக்க வேண்டும். ‘காதலிக்க நேரமில்லை’யில் விஸ்வநாதனின் மகன் செல்லப்பா தன் அப்பாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ படக் கம்பெனி முதலாளி செல்லப்பாவாக வரும் நாகேஷிடம் கதை என்று ஒன்றுமே கிடையாது. வாயால் எழுப்பும் சத்தங்களும் கைகளும் கண்களும்தான். அப்பா விஸ்வநாதனாகக் கேட்டுக்கொண்டிருக்கும் டி.எஸ்.பாலையா பேசுவது மிகக் குறைவு. இவனுக்கு என்ன தெரியும் என்ற அலட்சியம் முதலில் அந்த முகத்தில் இருக்கிறது. அது ஆர்வமாகி, கலவரமாகி, கடைசியில் பயத்தில் உறைகிறது. 1936இல் ‘சதி லீலாவதி’யில் திரைக்கு வந்து, வில்லனாகவே பல ஆண்டுகள் பெயர் வாங்கியவர், ஒரு பயந்தாங்கொள்ளி அப்பாவாக உட்கார்ந்து, பக்கத்திலிருப்பவனை ஜெயிக்க விடுகிறார். நாகேஷ் இந்தக் காட்சியின் வேகம் என்றால் பாலையா அதன் நிதானம். இருவரில் யார் அரை நொடி அவசரப்பட்டிருந்தாலும் காட்சி கவிழ்ந்திருக்கும்.

அடுத்து என்ன வரும் என்று தெரிந்தே நாம் இந்தக் காட்சிக்குச் சிரிக்கிறோம். முதல் தடவை சிரித்தது ஆச்சரியத்தால் என்று சொல்லலாம். பத்தாவது தடவை சிரிப்பது அந்தத் துல்லியத்துக்காக. சங்கீதக் கச்சேரியில் தெரிந்த கீர்த்தனையைக் கேட்டு ஒருவர் தலையாட்டினால் அதை ரசனை என்கிறோம். தெரிந்த நகைச்சுவைக்கு ஒருவர் சிரித்தால் மட்டும் ‘டைம்பாஸ்’ என்று ஒதுக்குகிறோம்.

இந்த ஓரவஞ்சனை எங்கள் மொட்டை மாடியோடு நிற்கவில்லை. நாகேஷைப் பாருங்கள். ‘காதலிக்க நேரமில்லை’ செல்லப்பா, ‘திருவிளையாடல்’ தருமி, ‘தில்லானா மோகனாம்பாள்’ வைத்தி என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மூன்று பாத்திரங்களை நான்கைந்து ஆண்டு இடைவெளிக்குள் செய்தவர். அவருக்கு நடிப்புக்கான தேசிய விருது 1994இல் வந்த ‘நம்மவர்’ படத்துக்குத்தான் கிடைத்தது. அதில் அவர் மகளைப் பறிகொடுத்து உடைந்துபோகும் தகப்பன். அந்த நடிப்புக்கு விருது தகும், சந்தேகமில்லை. ஆனால் ஊரையே சிரிக்க வைத்தவர், அழுது காட்டிய பிறகுதான் நடிகர் என்று தேர்வுக்குழுவின் கண்ணில் பட்டிருக்கிறார்.

கமல்ஹாசனுக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது வாங்கித் தந்த தமிழ்ப் படங்கள் ‘மூன்றாம் பிறை’, ‘நாயகன்’, ‘இந்தியன்’. மூன்றும் கனமான படங்கள். 1990இல் வந்த ‘மைக்கேல் மதன காமராஜன்’ அந்த வரிசையில் இல்லை. நான்கு வேடம், நான்கு பேச்சு, நான்கு நடை. அதிலும் பாலக்காட்டுச் சமையல்காரர் காமேஸ்வரன் வாய் திறந்தாலே வேறு ஆள். கிரேசி மோகன் எழுதிய வசனத்தில் ஒரு சொல்லை இடம் மாற்றினாலும் சிரிப்பு செத்துவிடும். ‘நாயக’னின் வேலு நாயக்கர் அளவுக்கே காமேஸ்வரனும் கடினமான வேலை என்றுதான், மேடையேறிய அனுபவத்தில் நான் சொல்லுவேன்.

பேராசிரியர் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. “சிரிப்புப் படம் எல்லாத்தையும் சேர்த்தா பட்டியல் தாங்குமா?” என்று கேட்டார். தாங்காது, எல்லாவற்றையும் சேர்க்கவும் வேண்டாம். ‘அன்பே சிவம்’ எடுத்த சுந்தர் சி.யே 1996இல் ‘உள்ளத்தை அள்ளித்தா’ எடுத்தார். கவுண்டமணிக்காக அதை நான் விரும்பிப் பார்ப்பேன். கவுண்டமணியை எடுத்துவிட்டால் மிச்சம் அதிகமில்லை என்பதால் அதைப் பெரிய படம் என்று சொல்லமாட்டேன். நகைச்சுவையிலும் தரம் பிரிக்கலாம், பிரிக்க வேண்டும். அழுகைப் படங்களில் செய்வதைத்தானே இங்கேயும் கேட்கிறேன். திரையரங்கில் கைக்குட்டை நனைய வைத்த எத்தனையோ குடும்பப் படங்களை இன்று யாரும் நினைப்பதில்லை.

“நல்ல படம் என்றால் வெளியே வரும்போது ஏதாவது கருத்து மனசுல நிக்கணும்” என்பது அவருடைய இன்னொரு வாதம். கருத்து உயர்ந்ததாக இருப்பது கருத்துக்குப் பெருமை. அதைப் படத்தின் கணக்கில் வரவு வைக்கக் கூடாது. மனிதநேயத்தைச் சொல்லும் மோசமான படமும் இருக்கலாம், ஒன்றுமே உபதேசிக்காத உன்னதமான படமும் இருக்கலாம். சாப்ளினைக்கூட ‘சிரிக்க வைத்துக்கொண்டே அழ வைத்தவர்’ என்றுதான் நாம் பாராட்டுகிறோம். சிரிப்பு தனியாக வந்து நின்றால் நமக்குப் போதவில்லை, கண்ணீரின் சிபாரிசுக் கடிதம் கேட்கிறோம்.

ஒரு படம் பெரியதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் கேள்விகள் மூன்று. கதை தன் சொந்தக் காலில் நிற்கிறதா? சின்ன வேஷக்காரர்வரை எல்லாரும் தங்கள் வேலையை முழுதாகச் செய்திருக்கிறார்களா? முடிவு தெரிந்த பிறகும் பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா? அழுகை, சிரிப்பு என்ற பேதம் இந்த மூன்றிலும் கிடையாது. இந்தக் கேள்விகளை வைத்துப் பார்த்தால் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ மிக நல்ல படம். ஸ்ரீதரின் ஆகப் பெரிய படம் ‘காதலிக்க நேரமில்லை’.