எடுப்பதற்கு முன் அறிய வேண்டியது

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களில், தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கியும் பருத்திக் காட்டில் களை வெட்டியும் அன்றாடக் கூலியால் குடும்பத்தைத் தாங்கிவரும் ஒரு ஸ்திரீக்கு மாதந்தோறும் உதிரம் மிகுதியாய்ப் போகும் பெரும்பாடு கண்டு, முகம் வெளிறி, வேலைக்குப் போகும் நாளும் குறைந்துவிட்டால், உற்றார் உறவினர் சொல்லும் புத்திமதி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: “பிள்ளைகதான் பெத்தாச்சே, கர்ப்பப்பையை எடுத்துட்டா நிம்மதிதானே!” அன்பினால் சொல்லப்படும் இந்த வார்த்தையில் வஞ்சகம் ஏதுமில்லை. ஆயினும், கர்ப்பப்பையின் உட்சவ்வைப் பற்றி இந்நாளைய விஞ்ஞானம் கண்டறிந்திருப்பதைச் சிறிதேனும் அறிந்தவர்கள், காரணத்தை ஆராயாமல் அங்கத்தையே களைந்துவிடும் இந்த அவசரத்தை ஒருபோதும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

மாதவிடாய் முடிந்த சமயத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனமே உள்ள அந்தச் சவ்வு, சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜனின் தூண்டுதலால், ஏறக்குறைய இரண்டே வாரங்களில் பன்மடங்கு தடித்து வளர்கிறது. கருமுட்டை வெளிப்பட்டபின் சுரக்கும் புரோஜெஸ்டிரோனோ, செல்லின் உட்கருவில் தனக்கென அமைந்த ஏற்பியோடு கூடி, டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட இடங்களில் அமர்ந்து, சில மரபணுக்களை எழுப்பிச் சிலவற்றை அடக்குகிறது. அவ்வாறு எழுப்பப்படுவனவற்றுள் ஒன்று ‘ஹேண்ட்-2’ என்னும் மரபணு. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இந்திராணி பாக்சி, மிலன் பாக்சி ஆகியோரின் குழுவினர், எலிகளில் ஆராய்ந்து 2011-ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவின்படி, சவ்வின் அடித்திசுவில் இந்த மரபணு விழித்திருக்கும்வரை, மேற்புறத்துச் செல்களைப் பெருக்கும் ஈஸ்ட்ரோஜனின் வேகம் அடங்கியிருக்கிறது; அது நீக்கப்பட்ட எலிகளிலோ பெருக்கம் ஓயாமல் தொடர்ந்து, கரு தங்க இடமில்லாமற் போகிறது. மழை பெய்தால் மட்டும் போதாது, மண் பதத்துக்கு வரவேண்டும் என்று காத்திருந்து விதைக்கும் கரிசல் சம்சாரிக்கு, இருபத்தெட்டு நாள் சுழற்சியில் ஏறத்தாழ இருபதாம் நாளிலிருந்து இருபத்துநான்காம் நாள்வரை மட்டுமே இந்தச் சவ்வு கருவை ஏற்கும் என்னும் செய்தி வியப்பாக இராது.

கருமுட்டை வெளிப்படாத மாதங்களில் புரோஜெஸ்டிரோன் சுரப்பதில்லை. பூப்பெய்திய புதிதிலும், மாதவிடாய் நிற்கப்போகும் காலத்திலும், சினைப்பை நீர்க்கட்டித் தொல்லை உள்ளவர்களிடத்தும் இது சாதாரணமாக நேர்வது. அப்போது ஈஸ்ட்ரோஜன் ஒன்றின் ஆதிக்கத்திலேயே வளரும் சவ்வு, ஒழுங்காக ஒரே சமயத்தில் உதிராமல், அங்கங்கே சிதைந்து நாள்கணக்கில் உதிரத்தைப் பெருக்குகிறது. இத்தகைய பெரும்பாட்டில் கர்ப்பப்பை கெட்டுவிடவில்லை. அதற்கு வரவேண்டிய கட்டளைதான் வரவில்லை. அந்தக் கட்டளையை மாத்திரையாகக் கொடுக்கலாம். அல்லது லெவோனோர்ஜெஸ்ட்ரல் என்னும் ஹார்மோனைச் சிறுகச் சிறுகக் கசியவிடும் சாதனத்தைக் கர்ப்பப்பைக்குள் பொருத்தி, சில ஆண்டுகளுக்குச் சவ்வை மெலிவாக வைத்திருக்கலாம். வேண்டாதபோது அதை எடுத்துவிடலாம். அறுத்தெடுத்த கர்ப்பப்பையையோ மீண்டும் வைக்க முடியாது.

இதே மரபணு மற்றொரு பாடத்தையும் போதிக்கிறது. உட்சவ்வில் புற்றுநோய் கண்டவர்களிடம் ஹேண்ட்-2 மரபணுவின்மீது மெத்தில் என்னும் வேதி முத்திரை மிகுதியாகப் பதிந்து, அது ஓய்ந்துபோயிருப்பதை 2013-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. மாதவிடாய் அடியோடு நின்றபின் மறுபடி உதிரம் கண்டால், அது அந்தப் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கக்கூடுமாதலால், வெட்கத்தினாலோ அசட்டையினாலோ ஒரு நாளும் தாமதிக்கலாகாது. புற்றுநோய்க்கும், சிகிச்சைக்கு அடங்காத பெருங்கட்டிகளுக்கும் அறுவையே உயிர் காப்பது என்பதில் எனக்கு ஐயமில்லை. எது எந்த வகை என்று பிரித்தறியாமல் எல்லாவற்றுக்கும் கத்தியையே விடையாகக் கொள்வதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன்.

ஒருநாள் கூலியை இழந்தால் அடுப்பெரியாத வீட்டில், பலமுறை ஆஸ்பத்திரிக்கு அலைவதைக் காட்டிலும் ஒரே தடவையில் தீர்த்துக்கொள்வது மேலல்லவா என்று கேட்பவர்களின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால், முப்பது, முப்பத்தைந்து வயதில் கர்ப்பப்பையோடு சினைப்பைகளும் எடுக்கப்பட்டுவிட்டால், ஈஸ்ட்ரோஜன் அன்றே நின்றுபோக, எலும்புகள் உரிய காலத்துக்கு முன்னரே பலம் குன்றத் தொடங்குகின்றன. அந்தச் சரீரத்தைக் கொண்டுதான் அவள் இன்னும் இருபது, முப்பது வருஷம் குனிந்து நிமிர்ந்து உழைத்தாக வேண்டும்.

இந்த அநியாயம் நீதிமன்றத்தின் படியையும் ஏறியிருக்கிறது. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களின் ஏழை ஸ்திரீகளுக்கு அவசியமில்லாமல் கர்ப்பப்பை அகற்றப்பட்டதை முறையிட்டு, மருத்துவர் நரேந்திர குப்தா 2013-இல் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. மத்திய சுகாதார அமைச்சகம் 2022-இல் வகுத்த வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதங்களுக்குள் ஏற்று நடத்த வேண்டும் என்பது அதன் ஆணை. அந்த நெறிகள் மாவட்டந்தோறும் கண்காணிப்புக் குழு வேண்டும் என்கின்றன. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு கூறுகையில், அந்தச் சோகையை மிகுவிக்கும் பெரும்பாட்டைப் பெண்ணாய்ப் பிறந்தவளின் தலைவிதி என்று ஒதுக்குவது எவ்விதத்தில் தர்மமாகும்?

எனவே, கோவில்பட்டி அரசு மருத்துவமனை முதலாக வானம் பார்த்த இந்தப் பூமியின் ஆஸ்பத்திரிகள் அனைத்திலும், பெரும்பாடு என்று வரும் ஒவ்வொருத்திக்கும் இரத்த அளவும் ஸ்கேனும் பார்த்து, வேண்டிய இடத்தில் உட்சவ்வின் துணுக்கை எடுத்துச் சோதிக்கும் வசதி இருக்க வேண்டும். ஹார்மோன் சாதனம் செலவில்லாமல் கிடைக்க வேண்டும். நாற்பது வயதுக்கு உட்பட்டவளின் கர்ப்பப்பையை எடுக்குமுன் இரண்டாவது மருத்துவர் ஒருவரின் அபிப்பிராயம் எழுத்து மூலமாகப் பெறப்பட வேண்டும். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளிமார்களும் பரிசோதனைக்குப் போகும் நாளுக்குக் கூலியைப் பிடிக்காமல் விடுவார்களானால், அந்தச் சிறு செலவு பெரும் புண்ணியமாகும். கர்ப்பப்பையை எடுக்கச் சொல்லும் வைத்தியரிடம், “எனக்கு உதிரம் போவது எதனால்? மருந்தால் தீராதா?” என்று இரண்டே கேள்விகள் கேட்கும் துணிவை நம் தாய்மார்கள் பெறவேண்டும்; அவற்றுக்குப் பொறுமையாக விடை சொல்வது வைத்தியருடைய கடமை.