கொல்லாத வீரம்

வீரன் என்றதும் நம் மனக்கண்முன் வந்து நிற்பவன் யார்? துப்பாக்கியும் கையுமாய்ப் பாய்ந்து, எதிர்ப்பட்டவரையெல்லாம் வீழ்த்தி, வெற்றி முழக்கத்தோடு திரும்புகிறவன். திரைப்படம் காட்டுவது அவனைத்தான். விடுதி அறைகளில் நள்ளிரவு தாண்டியும் நடக்கும் நம் விவாதங்களிலும் அவனே தலைவன். எத்தனை பேரைச் சாய்த்தான் என்று எண்ணி வீரத்தை எடைபோடும் பழக்கம் நம்மிடம் ஊறிப்போய்விட்டது. நான் இங்கே வழக்காட வந்திருப்பது வேறொரு வீரனுக்காக. போர்க்களத்தின் நடுவில் நின்று, ஒருவரையும் கொல்லாமல், பிறரைக் காத்த வீரனுக்காக. அத்தகையோரைத் தமிழ் படித்த நாம் அறியாமல் இருக்கிறோம். அறியாமை என்றுகூடச் சொல்லேன். அக்கறையின்மை என்றே சொல்வேன்.

காஞ்சிபுரத்துப் பக்கம் கீழொட்டிவாக்கம் என்று ஒரு சிற்றூர். அந்த ஊரில் பிறந்தவர் சுபேதார் சுப்பிரமணியன். மதறாஸ் சாப்பர் படையில் பணியாற்றியவர். 1780-இல் தோன்றிய இந்தப் படைக்குச் சுடுவதைவிடக் கட்டுவதே தொழில். ஆற்றுக்குப் பாலம் போடுவது, வண்டி போகப் பாதை அமைப்பது, பகைவன் புதைத்த கண்ணிவெடிகளைத் தேடி எடுப்பது ஆகியவை அவர்கள் வேலை. படைக்குள் இவர்களுக்குத் 'தம்பி' என்றொரு செல்லப்பெயர் உண்டு. பஞ்சாபியரும் கூர்க்கரும்கூட இவர்களைத் தம்பி என்றே அழைப்பார்களாம். நம் உறவுச்சொல் ஒன்று இப்படி ஒரு படைக்கே பெயராகிவிட்டது.

1944 பிப்ரவரி மாதம். இத்தாலியில் காசினோ மலையைச் சுற்றி மாபெரும் போர் நடந்துகொண்டிருந்தது. மலையுச்சியில் இருந்த பழம்பெரும் மடாலயம் 15-ஆம் நாள் விமானக் குண்டுகளுக்கு இரையாகிவிட்டது. அந்தக் களத்துக்குத் தெற்கே மிஞ்ஞானோ என்னும் ஊர்ப்பக்கம், 24-ஆம் நாள் சுப்பிரமணியனும் அவருடைய ஆட்களும் கண்ணிவெடி அகற்றும் பணியில் இருந்தனர். ஜெர்மானியர் புதைத்துவைத்த வெடிகளில் ஒருவகை மிகக் கொடியது. மிதித்த மாத்திரத்தில் அது வெடிப்பதில்லை. மிதித்தபின் சில நொடிகள் ஓசையற்றிருக்கும். பிறகு இடுப்பளவு உயரத்துக்குத் துள்ளி எழுந்து வெடித்து, நாற்புறமும் எஃகுக் குண்டுகளை வாரி இறைக்கும். மிதித்தவன் மட்டுமல்ல, அருகில் நிற்போர் அனைவரும் மடிவர். குழுவில் ஒருவரின் கால் அன்று ஒரு வெடியின்மேல் பட்டுவிட்டது.

ஓர் எழுத்தாளன் அந்த நொடிகளை நான்கு பக்கம் வருணிக்கலாம். சுபேதாருக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. விலகி ஓடியிருக்கலாம், பள்ளத்தில் குப்புற விழுந்திருக்கலாம், அப்படிச் செய்திருந்தால் ஒருவரும் பழி சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அந்த வெடியின் மேலேயே பாய்ந்து விழுந்தார். வெடித்தது, அதன் வேகம் முழுவதையும் அவர் உடல் தாங்கிக்கொண்டது. அருகில் இருந்தவர்கள் பிழைத்தார்கள். அவர் பிழைக்கவில்லை.

அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்னும் விருது அளிக்கப்பட்டது.  இந்த விருதின் தன்மையை நம் நண்பர்கள் கவனிக்க வேண்டும். பகைவனை நேருக்கு நேர் எதிர்த்துப் போரிட்டதற்கு விக்டோரியா கிராஸ் என்று தனி விருது இருந்தது. எதிரே பகைவன் இல்லாத இடத்தில் உயிரைப் பணயம் வைப்போர்க்கென்று 1940-இல் ஏற்படுத்தப்பட்டதுதான் ஜார்ஜ் கிராஸ். யாரையும் வெல்லாமலே வீரனாகலாம் என்பதைப் போர்க்காலத்து அரசே ஒப்புக்கொண்டது என்று இதற்குப் பொருள் கொள்ளலாம் அன்றோ?

அதே ஆண்டு ஜூலையில், அதே இத்தாலியில், மத்திய இந்தியக் குதிரைப்படையைச் சேர்ந்த டிட்டோ ராம் என்பவர் கண்ணிவெடியில் ஒரு பாதத்தை இழந்தார். சற்றுத் தொலைவில் தோழன் ஒருவன் காயமுற்றுக் கிடந்தான். தம் காலைக் கட்டிக்கொள்ளாமல் அவனிடம் ஊர்ந்து சென்று, அவன் காயத்துக்குக் கட்டுப்போட்டுவிட்டு உயிர்விட்டார் டிட்டோ ராம். அவருக்கும் ஜார்ஜ் கிராஸ் கிடைத்தது. இதற்குமேல் விளக்கம் சொல்லி அந்தச் செயலைச் சிறிதாக்க எனக்கு விருப்பமில்லை.

இத்தாலி என்றதும் இடையில் ஒரு செய்தி சொல்லத் தோன்றுகிறது. இத்தாலியப் போர்முனையில் 1943-இல் பீரங்கிப் படைத் தலைவராக இருந்தவர் மார்ட்டிமர் வீலர். தொல்பொருள் அறிஞர். அவரைப் போர்முனையிலிருந்து அழைத்து, 1944-இல் இந்தியத் தொல்பொருள் துறைக்குத் தலைவராக்கினார்கள். வந்த ஆண்டிலேயே சென்னை அருங்காட்சியக அலமாரி ஒன்றில், யாரும் பொருட்படுத்தாமல் கிடந்த உரோமானிய மதுச்சாடித் துண்டு ஒன்று அவர் கண்ணில் பட்டது. அது புதுச்சேரிக்கு அருகில் கிடைத்தது என்று கேட்டறிந்து, 1945-இல் அரிக்கமேட்டைத் தோண்டினார். இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்து மட்பாண்டங்கள் நம் கடற்கரை மண்ணிலிருந்து வெளிவந்தன. அந்தக் கண்டுபிடிப்பு இன்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பழந்தமிழர் கடல் வாணிகத்துக்குச் சான்று என்று நாமும் மேடையில் முழங்குகிறோம். இத்தாலியிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்த ஓட்டுச்சில்லைத் தெரிந்துவைத்திருக்கும் நாம், தமிழ்நாட்டிலிருந்து இத்தாலிக்குப் போய்த் திரும்பாத மனிதரைத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

இரண்டாமவர் ஆர்க்காட்டைத் தம் பெயரின் முதலெழுத்தாகச் சுமந்தவர்: ஏ. ஜி. ரங்கராஜ். மருத்துவர். டில்லியில் 1941-இல் உருவான 50-ஆம் பாராசூட் படைப்பிரிவில் சேர்ந்து, இந்தியர்களுள் முதன்முதலாகப் பாராசூட்டில் குதித்தவர்களுள் ஒருவரானார். 1950-இல் கொரியப் போர் மூண்டபோது, விடுதலை பெற்ற இந்தியா சண்டையிடப் படை அனுப்ப மறுத்தது. மருத்துவப்படை ஒன்றை மட்டும் அனுப்பிற்று. 60-ஆம் பாராசூட் கள மருத்துவப் பிரிவு என்று அதற்குப் பெயர். சுமார் 350 பேர் கொண்ட அப்பிரிவுக்கு ரங்கராஜ் தலைவர். போய்ச் சேர்ந்த சில நாட்களுக்குள் சீனப்படை வெள்ளம்போல் இறங்கியது. பியாங்யாங்கை விட்டு எல்லாரும் பின்வாங்கினார்கள். மருத்துவப் பிரிவுக்கோ வண்டிகள் இல்லை. சாமான்களைப் போட்டுவிட்டு ஆட்கள் மட்டும் வெளியேறுங்கள் என்பது மேலிடத்து யோசனை. அறுவைக் கருவிகளும் மருந்தும் இல்லாத மருத்துவப் பிரிவு வேறெதற்கு?

அப்போதுதான் யாரும் எதிர்பாராத ஒரு பொருள் கிடைத்தது. ஒரு பழைய நீராவி இரயில் எஞ்சினும் சில பெட்டிகளும் கைவிடப்பட்டு நின்றன. எஞ்சினை ஓட்டத் தெரிந்த இருவர் படைக்குள்ளேயே இருந்தனர். தண்ணீருக்கு என்ன செய்வது? ஆட்கள் வரிசையாக நின்று வாளிவாளியாய்க் கைமாற்றிக் கொதிகலனை நிரப்பினார்கள். கிடைத்த விறகையெல்லாம் பொறுக்கி நெருப்பிட்டார்கள். மருந்துப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு அந்தக் கிழட்டு எஞ்சின் ஆற்றுப்பாலத்தைக் கடந்தது. சிறிது நேரத்தில் பாலம் தகர்க்கப்பட்டது. இதைக் கற்பனைக்கதையாக நான் எழுதியிருந்தால் 'நம்பும்படி இல்லை' என்று நம் மலர்க்குழு திருப்பி அனுப்பியிருக்கும்!

காப்பாற்றிக் கொண்டுவந்த அந்தக் கருவிகளைக்கொண்டு 1954 வரை அப்பிரிவு கொரியாவில் பணி செய்தது. 2,000-க்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. படைவீரர்களுக்கு மட்டுமன்றி ஊர்மக்களுக்கும் மருந்திட்டார்கள். 1951 மார்ச் 23 அன்று அமெரிக்கப் பாராசூட் படை முன்சான்-னியில் குதித்தபோது, ரங்கராஜும் தம்மவர் சிலரோடு உடன் குதித்தார். அவர் குதித்தது காயம்பட்டவர்களுக்கு அருகில் இருப்பதற்காக. மகாவீர் சக்கரம் பெற்றார். இராணுவப் பணி முடிந்த பிறகு உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் ஆப்கானிஸ்தானத்துக்குப் போய், பெரியம்மையை ஒழிக்கும் பணியில் முன்னின்றார் என்பது எனக்கு எல்லாவற்றையும்விட வியப்பாக இருக்கிறது. ஓய்வு என்ற சொல்லுக்கு அவர் அகராதி எது பார்த்தாரோ!

இனி டில்லிக்கு வருவோம். நாம் படிக்கும் ஊர் இது. நினைவுச்சின்னங்களுக்குப் பஞ்சமில்லாத ஊர். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் இந்தியா கேட்டில் கூடாத தமிழ் மாணவன் உண்டோ? 1931-இல் திறக்கப்பட்ட அந்த வாயிலில் 13,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவையெல்லாம் முதல் உலகப் போரிலும், 1919 ஆப்கன் போரிலும் மாண்டவர்களுடையவை. சற்று அப்பால் 2019 பிப்ரவரி 25-இல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தில் 25,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் கருங்கல்லில் இருக்கின்றன. அவர்கள் விடுதலைக்குப் பின் உயிர் ஈந்தவர்கள். பரம்வீர் சக்கரம் பெற்ற 21 பேரின் சிலைகளுள் மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் சிலையும் அங்கே உண்டு. 1987-இல் இலங்கையில் வீழ்ந்தவர். அந்தச் சிலைமுன் நிற்கும் தமிழனுக்குப் பெருமையும் வலியும் ஒருசேர வரும். அதைப் பேச இக்கட்டுரை போதாது.

இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு காலம் விடுபட்டிருப்பதைக் கவனித்தீர்களா? இரண்டாம் உலகப் போரில் மாண்ட இந்தியப் படையினர் ஏறத்தாழ 87,000 பேர். வாயிலுக்கு அவர்கள் பிந்திப் பிறந்தவர்கள். நினைவகத்துக்கு அவர்கள் முந்தி இறந்தவர்கள். கண்டோன்மென்ட் பகுதியில், பிரார் சதுக்கத்துப் போர்க்கல்லறையில், அவர்களில் ஒரு பகுதியினருக்கு நினைவிடம் உண்டு. சுற்றுலாப் பேருந்து அங்கே நிற்பதில்லை. நம் சுபேதாரின் பெயரோ இத்தாலிய மண்ணில்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது.

"வெள்ளைக்காரனுக்காகச் சண்டைக்குப் போனவனை நாம் ஏன் கொண்டாட வேண்டும்?" இப்படி ஒரு நண்பர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. மலேயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து எத்தனையோ தமிழர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து மறுபுறம் நின்றார்கள். 1945 நவம்பரில் அப்படைத் தலைவர்கள்மீது இதே டில்லிச் செங்கோட்டையில் வழக்கு நடந்தது, நாடே கொதித்தெழுந்தது. இன்று செங்கோட்டையில் அவர்களுக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. இந்தியா கேட்டின் பின்னால் நேதாஜியின் சிலையும் நிற்கிறது. மிக நல்லது. ஆனால் என் நண்பரை நான் ஒன்று திருப்பிக் கேட்டேன்: வெடி காலடியில் கிடந்த அந்தச் சில நொடிகளில் சுப்பிரமணியன் நினைத்தது எந்தப் பேரரசை? பக்கத்தில் நின்ற ஆட்களை அல்லவா? படையில் சேர்ந்ததற்கு ஒருவனுக்கு வயிறு காரணமாயிருக்கலாம், சம்பளம் காரணமாயிருக்கலாம். வெடிமேல் பாய்வதற்குச் சம்பளம் காரணமாக முடியாது. அரசு அந்நியருடையது, அந்தப் பாய்ச்சல் அவருடைய சொந்தம். நண்பர் பதில் சொல்லவில்லை. தேநீருக்குக் காசு மட்டும் கொடுத்தார்.

இறந்தவனுக்குக் கல்நடும் மரபில் வந்தவர்கள் நாம். 2006-இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த நடுகற்கள் ஈராயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்தவை. நம் முன்னோர் வெறும் பெயரை மட்டும் பொறித்து விடவில்லை. எந்த ஊரான், எந்தப் பூசலில், என்ன செய்து மாண்டான் என்பதையும் எழுதினார்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திர பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. தொறு மீட்கும் பூசலில் வீழ்ந்த வீரனோடு அவன் நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்வெட்டு சொல்கிறது. நாயின் பெயரும் செயலும் ஆயிரத்து நானூறு ஆண்டு நிலைத்திருக்க, கீழொட்டிவாக்கத்துச் சுபேதாரின் செயலை எண்பது ஆண்டுகூட நாம் காக்கவில்லையே!

டில்லியில் புதிய கல் ஒன்று நாட்டுங்கள் என்று மனுப்போட நான் சொல்லவில்லை. கல் இருக்கிற இடத்திலேயே பெயர்தான் உண்டு, செயல் இல்லை. செயலை எழுதக் காகிதம் போதும்; எழுத வேண்டிய மொழி தமிழ். இவர்களைப் பற்றித் தேடினால் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். நம் மன்றத்தில் வேலூர், ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த தோழர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு படைவீரன் என்று சொல்லப்படும் கம்மவான்பேட்டை அந்தப் பக்கந்தான். விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் பரணில் இருக்கும் தகரப்பெட்டியைத் திறந்து பாருங்கள். பாட்டியிடம் கேளுங்கள். கேட்டதை நான்கு தாளில் எழுதி வாருங்கள். மன்றம் நாடக விழாவுக்கும் பொங்கல் விழாவுக்கும் செலவிடும் பொழுதில் ஒரு மாலையை இதற்கு ஒதுக்கினால் குடி முழுகிப்போகாது.

பிப்ரவரி 24 அதற்கு ஏற்ற நாள். காலையில் பிரார் சதுக்கத்துக்குப் போவோம். மாலையில் மன்ற அறிவிப்புப் பலகையில் சுப்பிரமணியனின் செயலைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி ஒட்டுவோம். அடுத்த தாளில் ரங்கராஜின் இரயில் கதை. எழுதும் பொறுப்பை யார் ஏற்றாலும் சரி. பசை வாங்கி வருவது என் பொறுப்பு.