முதியோரைக் கேளுங்கள்

நம் மாணவர் பலர் மிதிவண்டியில் பள்ளிக்கு வருகின்றனர். எதிரில் தோட்ட நிருவாகி வந்தால், "வணக்கம் ஐயா" என்று கூறிவிட்டு மிதித்துச் செல்கின்றனர். இதில் வியப்பென்ன என்று கேட்பீர்கள். ஒரு காலத்தில் வெள்ளைக்காரத் துரையைக் கண்டதும் நம் தொழிலாளர் மிதிவண்டியை விட்டு இறங்கி நிற்க வேண்டியிருந்தது.

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தோர், இவ்வழக்கம் ஒழிய வேண்டும் என்பதையும் தம் கோரிக்கைகளுள் ஒன்றாக வைத்தனர். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல் ஆகியவற்றையும் கேட்டனர். அவர்தம் தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிர் நீத்தனர்.

இவற்றை நூல்களிற் படிக்கலாம். ஆயினும், அந்நாள்களில் லயங்களில் அடுப்பு எரிந்ததா, தாய்மார் பிள்ளைகளுக்கு என்ன சொல்லித் தேற்றினர் என்பன முதியோர் நெஞ்சிலேயே உள்ளன. அன்று சிறுவராயிருந்தோர் இன்று தொண்ணூறு வயதை ஒட்டியவர்கள். அவர்கள் சொல்லக் கேட்டோரும் முதுமை எய்திவிட்டனர்.

ஆகவே, ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர் தத்தம் வீட்டு முதியோரைப் பேட்டி கண்டு எழுதுதல் வேண்டும் என்பது என் கருத்து. "பழைய துன்பத்தை ஏன் கிளற வேண்டும்?" எனப் பெற்றோர் சிலர் வினவக்கூடும். என் தந்தையாரும் பால்மரம் சீவியவரே. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வரலாறு கற்ற நான், அவரிடம் ஒன்றும் கேட்டதில்லை. அவர் மறைந்தபின் என் வினாக்களுக்கு விடை கூற எவருமில்லை. பாட்டியின் உழைப்பை அறியாத பிள்ளையே அவர்தம் பால்வாளியைக் கண்டு நாணும். அறிந்த பிள்ளை நாணாது.

மாணவர்களே! இவ்விடுமுறையில் பாட்டியின் அருகில் அமருங்கள். "முதலில் பெற்ற நாட்கூலி எவ்வளவு? பள்ளிக்குச் சென்றீர்களா? எதற்கு அஞ்சினீர்கள்? எதனை எதிர்த்துக் கேட்டீர்கள்?" என வினவுங்கள். இடைமறியாது கேளுங்கள். அவர் சொன்ன சொற்களையே எழுதுங்கள். நீங்களாக ஒன்றையும் கூட்டாதீர்கள். நூலில் வேறாக இருந்தால் இரண்டையும் குறியுங்கள். அவர் கூற விரும்பாததை வற்புறுத்தாதீர்கள்.

பெற்றோர்களே, பிள்ளை வினவும்போது நீங்களும் உடன் அமருங்கள். அக்குறிப்பேடுகளை நம் பள்ளி நூலகத்தில் வைத்துக் காப்போம்.